மழையும் மலையும்: ஒரு வாரக் கல்வி

கல்வியைப் பல பாடங்களாக வகுத்தது கற்பிக்கும் வசதி கருதியேயாம். இயற்கை அவ்வாறு பிரிந்து நிற்பதில்லை. ஊவா மலைச்சரிவிலே பெய்யும் மழை, விஞ்ஞான வேளையில் ஒன்றாகவும் புவியியல் வேளையில் வேறொன்றாகவும் பெய்வதன்று. ஆயினும் மணியோசை கேட்டவுடன் ஒரு நூலை மூடி மற்றொன்றைத் திறக்கும் மாணாக்கன் இவ்வொருமையை உணராமலே வகுப்பேறிவிடுகின்றான்.

இக்குறையை நீக்க முயன்றோர் பலர். ஒரு கைத்தொழிலை நடுவாக வைத்து ஏனைய பாடங்களை அதனோடு இணைக்கும் ஆதாரக் கல்வியைக் காந்தியடிகள் 1937ஆம் ஆண்டில் வார்தாவிலே முன்வைத்தார். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் சரித்திரம், புவியியல், குடியியல் ஆகியவற்றைச் சமூகக் கல்வி என ஒன்றாக்கிற்று. பின்னர் அவை மீண்டும் பிரிந்தன. பாடவிதானம் எவ்வாறு மாறினும், ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரையுள்ள வகுப்புகளில் தவணைக்கு ஒரு வாரத்தையேனும் ஒரே பொருளுக்கு ஒதுக்குதல் இயலும். பதுளை மாவட்டத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கு அப்பொருள் யாதாகலாம்? மழையும் மண்சரிவுமே என்போம்.

காரணம் வெளிப்படை. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குச் சென்றிருந்தமையால் உயிர் பிழைத்த பிள்ளைகளுள் பெற்றோரை இழந்தோரும் உளர். அவ்விடம் அபாயமானதென 2005ஆம், 2011ஆம் ஆண்டுகளிலேயே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தும் மக்கள் அங்கேயே இருந்தனர். ஏன் என்ற வினாவுக்கு எந்த ஒரு பாடமும் தனித்து விடை கூறமாட்டாது.

திங்கட்கிழமை விஞ்ஞானம். நேரான சுவரும் தட்டையான அடியும் உடைய ஒரு தகரப் பேணியே மழைமானியாகும். அதைத் திறந்த வெளியில் வைத்து, நாடோறும் ஒரே நேரத்தில் நீரின் உயரத்தை அளவுகோலால் மில்லிமீற்றரில் குறித்தல் வேண்டும். தோட்டத்து மண்ணைக் கண்ணாடிப் போத்தலில் நீரோடு கலக்கி வைத்தால் மணல் கீழும் களி மேலுமாகப் படியும். நீர் மண் துகள்களிடையே புகுந்து அவற்றின் பிடிப்பைத் தளர்த்துவதே சரிவின் தொடக்கம் என்பதை அப்போது விளக்கலாம்.

செவ்வாய்க்கிழமை கணிதம். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீராகும். ஒரு ஹெக்டேயரில் 150 மில்லிமீற்றர் பெய்தால் 15 இலட்சம் லீற்றர். நிறை 1,500 தொன். அதில் ஒரு பங்கு வழிந்தோடினும் எஞ்சியது மண்ணுள் இறங்கும். பாகைமானியில் நூலும் கல்லும் கட்டிச் சரிவின் கோணத்தையும் பிள்ளைகள் அளக்கலாம். ஆனால் மழை நாளில் சரிவுக்கு அழைத்துச் செல்லலாகாது.

புதன்கிழமை புவியியலும் சித்திரமும். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று மேற்கு மலைகளில் மழையைச் சொரிந்துவிட்டு ஊவாவுக்கு வறண்டு வருகின்றது; கொழுந்துக்கு மணம் தரும் பருவம் அதுவே. ஐப்பசி முதலாகப் பெருமழை வருகின்றது. லயம், ஓடை, பாதை, பாடசாலை, உயர்ந்த திடமான இடம் ஆகியவற்றைக் காட்டும் படமொன்றை ஒவ்வொருவரும் வரைதல் வேண்டும்.

வியாழக்கிழமை சரித்திரம். காடழித்துக் கோப்பி நட்டனர். 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழியத் தேயிலை வந்தது. வேர் ஆழ்ந்த பெருமரங்கள் நின்ற சரிவிலே கவ்வாத்துச் செய்யப்படும் செடிகள் நின்றன. லயம் எங்கே அமைவதென்பதை அதில் வாழ்வோர் தீர்மானிக்கவில்லை. 1945இன் இலவசக் கல்வியும் தோட்டப் பிள்ளைக்கு உரிய காலத்திற் கிட்டவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களிலேதான். சொந்தக் காணியில்லாதவன் எச்சரிக்கை கேட்டும் எங்கே போவான் என்பது இங்கே விளங்கும்.

வெள்ளிக்கிழமை மொழியும் குடியியலும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேர மழை 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்பையும், 100ஐக் கடந்தால் ஆயத்தத்தையும், 150ஐக் கடந்தால் வெளியேற்றத்தையும் அளவாகக் கொண்டுள்ளது. இதனை வீட்டார் விளங்கும் எளிய தமிழில் எழுதுதல் ஒரு பயிற்சி. நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று ஆகிய அறிகுறிகளைச் சிறு நாடகமாக லயத்தார் முன் நடித்தல் மற்றொன்று. பிரதேச செயலாளருக்குத் தமிழிலும், இரண்டாம் மொழியாகிய சிங்களத்திலும் விண்ணப்பம் வரைதல் மூன்றாவது.

பரீட்சை என்னாகும் எனப் பெற்றோர் வினவுவர். கனவளவு, கோணம், பருவக்காற்று, கடிதம் யாவும் பாடவிதானத்தில் உள்ளனவே. ஒழுங்கு மாறுகின்றதேயன்றிப் பாடம் குறைவதில்லை. ஆசிரியர் ஐவர் முதல் வாரமே கூடியிருந்து திட்டமிடுதல் மட்டும் இன்றியமையாதது. அது நடவாவிடின் இது வெறும் வேடிக்கையாய் முடியும்.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் ஆசிரியரும் அதிபரும் அதிகாரிகளும் பலராவர். நம் கல்லூரி தந்த கல்விக்குக் கைம்மாறாக, ஒவ்வொருவரும் மலையகப் பாடசாலை ஒன்றில் இத்தகைய வாரமொன்று நடைபெறத் துணை நிற்பாராக. மழைமானியை வாசிக்கக் கற்ற பிள்ளை ஒருநாள் இரவில் தன் லயத்தையே எழுப்பக்கூடும்.