மாடிக்கு வந்தா வைஃபை ஏன் நொண்டுது?

ஹால்ல நெட் பறக்குது. மாடி ரூம்ல பிளேஸ்மென்ட் டெஸ்ட் பாதியில நின்னுடுதா? உடனே நெட் கம்பெனிக்காரரைத் திட்டாதீங்க. முதல்ல லேப்டாப்பை மெயின் ரவுட்டரில் லேன் கேபிள் போட்டு ஸ்பீடு டெஸ்ட் பண்ணுங்க. அங்கே சரியா வந்தா, குறை நம்ம வீட்டுக்குள்ளதான்.

மாடி ரவுட்டர் வைஃபை மூலமா மெயின் ரவுட்டரோட இணைஞ்சிருக்கா? பெரும்பாலும் அது ஒரே சேனலில்தான் டேட்டாவை வாங்கவும் வேணும், உங்களுக்கு அனுப்பவும் வேணும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. அதனால வேகம் கிட்டத்தட்ட பாதியாகும். மூன்றாவது ரவுட்டரையும் சங்கிலியா கோர்த்தா இன்னும் குறையும்.

சிக்னலே இல்லாத மூலையில் அதை வைக்கிறதும் தப்பு. அதுக்கே கிடைக்காததை உங்களுக்கு எப்படிக் கொடுக்கும்? பாதி வழியில், மாடிப்படி பக்கமா வைங்க. கான்கிரீட் தளம் 5 கிகாஹெர்ட்ஸ் அலையை அதிகமாத் தடுக்கும்.

நிலையான தீர்வு, இரண்டுக்கும் நடுவே ஒரு கேட்-6 கேபிள். மாடி ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாத்துங்க. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றுக்குச் சேனல் 1, இன்னொன்றுக்கு 6 அல்லது 11 கொடுங்க, ஒன்றோடொன்று மோதாது.

டெஸ்ட் நாளைக்குன்னா? கேபிளைப் பிடிச்சுட்டு ஹால்லயே உட்காருங்க!