காற்று தீர்ந்த ரயில்

காலையில் லாரியைக் கிளப்பும் டிரைவர் உடனே கியர் போடமாட்டார். "ஏர் ஏறட்டும்" என்று மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காற்று நிரம்பாமல் பிரேக் பிடிக்காது. அமெரிக்கர்கள் நூறு வருஷமாகப் பாடிவரும் ஒரு ரயிலின் கதையும் இந்தக் காற்றில்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் சதர்ன் ரயில்வேயின் 97ஆம் எண் வண்டி, வாஷிங்டனிலிருந்து அட்லாண்டாவுக்குப் போன தபால் ரயில். தாமதமானால் கம்பெனிக்கு அபராதம். 1903 செப்டம்பர் 27 அன்று வர்ஜீனியாவின் மன்ரோவுக்கு ஒரு மணி நேரம் பிந்தி வந்தது. அங்கே 1102ஆம் எண் நீராவி இன்ஜினில் ஏறினார் 33 வயது டிரைவர் ஜோசப் பிராடி. அடுத்த 166 மைலில் விட்ட நேரத்தைப் பிடிக்க வேண்டும். பாதையோ ஏற்ற இறக்கமும் வளைவுமாகக் கிடந்தது. டான்வில் ஊரை நெருங்கும் இறக்கத்தின் அடியில், வளைவில் ஒரு மரப்பாலம். வண்டி அதில் வளையவில்லை. நேராக ஓடைப் பள்ளத்தில் விழுந்தது. பிராடியோடு சேர்த்து 11 பேர் இறந்தார்கள். பார்சலில் வந்த கானரிக் குருவிகள் கூண்டு உடைந்து, அங்கே பறந்து திரிந்தன.

வேகம்தான் காரணம் என்றது கம்பெனி. பாட்டோ, இறக்கத்தில் ஏர் பிரேக் போனதைச் சொல்கிறது. அது எப்படிப் போகும்?

இன்ஜினிலிருந்து கடைசிப் பெட்டிவரை ஒரு குழாய் ஓடும். ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாக ஒரு காற்றுத் தொட்டி உண்டு. டிரைவர் குழாயிலிருந்து காற்றைக் கொஞ்சம் வெளியே விட்டால், தொட்டிக் காற்று பிஸ்டனைத் தள்ளும். பிரேக் கட்டை சக்கரத்தைக் கவ்வும். குழாயில் மறுபடி காற்றை ஏற்றினால் கட்டை விடும், தொட்டியும் நிரம்பும். ஆனால் நிரம்பக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் அடுத்த வளைவு வந்து மறுபடி பிடித்தால் பிடி தளரும். பிடித்துப் பிடித்து விட்டால், வேண்டிய நேரத்தில் தொட்டியில் காற்று இருக்காது. அவசரமாக ஓட்டுகிறவருக்குத்தான் இது நேரும். அதனால் பாட்டும் கம்பெனியும் ஒரே விபத்தைத்தான் சொல்கின்றன என்று எனக்குப் படுகிறது. பாட்டு, டிரைவரின் பிரேக் கைப்பிடிக்குப் பக்கத்தில் நின்று சொல்கிறது.

இந்த ரயில் பாட்டின் மெட்டு, திரும்பி வராத கப்பலைப் பற்றிய 1865ஆம் வருஷத்துப் பாட்டினுடையது. வெர்னன் டால்ஹார்ட் 1924இல் ரயில் பாட்டைப் பாடிய இசைத்தட்டு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. எழுதியவர் யார் என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பள்ளத்திலிருந்து தூக்கிய 1102ஐப் பழுதுபார்த்து, 1930கள் வரை ஓட்டினார்கள்.