உதைபந்தாட்டத்தின் தளர்ச்சியும் ஒழுங்குத் தண்டனையும்

ஒரு விளையாட்டு மக்களிடையே எத்துணை வேரூன்றியுள்ளது என்பதை அறிய விரும்புவோர் அதனை ஆடுவோரை மட்டும் எண்ணிப் பார்த்தல் போதாது. வேலையை முடித்துக்கொண்டு, நுழைவுச்சீட்டுப் பெற்று, வெயிலிலும் மழையிலும் நின்று பார்ப்போரையும் எண்ணுதல் வேண்டும். ஆடுவோர் தொகை குறையாதிருக்கவும் பார்ப்போர் தொகை குன்றுமாயின், அவ்விளையாட்டின் அகத்தே யாதோ ஒரு நோய் புகுந்துள்ளது என்றே கொள்ளல் தகும். தென்னாசியாவில் ஊதியம் பெற்று ஆடப்படும் உதைபந்தாட்டம் நெடுங்காலமாக இந்நிலையிலேயே இருந்து வருகின்றது.

இலங்கையையே எடுத்துக்கொள்வோம். 1995 ஆம் ஆண்டிலே கொழும்பில் நடைபெற்ற தென்னாசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை அணி இந்தியாவை 1–0 என வென்று வாகை சூடியது. அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில் இலங்கை கிரிக்கெட் அணி உலகக் கிண்ணத்தை வென்றது. பின்னைய வெற்றியை அறியாத பள்ளிப் பிள்ளை இன்று இந்நாட்டில் இல்லை. முன்னைய வெற்றியை அறிந்த பெரியோரைத் தேடித்தான் காணவேண்டும். எனினும் வன்னிப் பெருநிலத்தில் நிலைமை சற்று வேறானது. பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலுள்ள தர்மபுரம் போன்ற ஊர்களில், 2009 இல் போர் முடிந்து மக்கள் மீளக் குடியேறிய காலத்தில், விளையாட்டு எனத் திரும்பி வந்தவற்றுள் முதன்மையானது உதைபந்தாட்டமே. மட்டையும் காலுறையும் கையுறையும் வாங்கப் பொருளில்லாதார்க்கும் ஒரு பந்தும் ஒரு வெளியும் போதுமாயிருந்தன. ஆகவே இவ்விளையாட்டின் தளர்ச்சி பற்றிய ஆராய்ச்சி இப்பிரதேசத்தார்க்கு ஏட்டுச் சுரைக்காய் அன்று.

தளர்ச்சிக்குப் பொதுவாகக் கூறப்படும் காரணங்கள் இரண்டு. ஒன்று கிரிக்கெட்டின் எழுச்சி, மற்றொன்று தொலைக்காட்சி. இரண்டும் உண்மையே. ஆயினும் மூன்றாவது காரணம் ஒன்றுண்டு. ஆட்டத்திற் குற்றஞ் செய்தோர்க்கு விதிக்கப்படும் தண்டனை எவ்வாறு விதிக்கப்படுகின்றது, விதித்தபின் அது நிலைக்கின்றதா என்பதே அது. இதனை ஆராய்வதற்குக் கல்கத்தா நகரினும் தகுந்த களம் வேறில்லை. அயல்நாடுகளுள் இவ்விளையாட்டை அத்துணை உயிராய்ப் போற்றிய நகரமும் இல்லை. தண்டனை பற்றிய வழக்குகள் அத்துணை வெளிப்படையாக நடந்த நகரமும் இல்லை.

கல்கத்தாவின் உதைபந்தாட்டம் நாட்டுணர்ச்சியோடு பின்னிப் பிணைந்தது. 1889 இல் தோன்றிய மோகன் பகான் கழகம் 1911 யூலை 29 ஆம் நாள் கிழக்கு யோர்க்சயர் படையணியை 2–1 என வென்று கேடயம் பெற்றபோது, வெள்ளையர் அணியை வெறுங்காலாற் பெரும்பாலும் ஆடிய இந்தியர் வென்றனர் என்ற செய்தி நாடெங்கும் பரவியது. 1920 இல் ஈஸ்ட் பெங்கால் கழகம் எழுந்தது. பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாய் வந்தோர் அதனைத் தம் கழகமெனக் கொண்டனர். இவ்விரு கழகங்களும் மோதும் நாளில் இல்லங்களிலே உணவும் இரு வகைப்படும் என்பர். ஒரு சாராருக்கு இறால், மறு சாராருக்கு இலிசா மீன். 1951 இலும் 1962 இலும் ஆசிய விளையாட்டுக்களில் தங்கம் வென்று, 1956 மெல்போண் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணிகள் இத்தகைய ஆர்வத்தின்மீதே எழுந்தவை.

அவ்வார்வம் கொடிய முகம் காட்டிய நாள் 1980 ஓகஸ்ட் 16. ஈடன் தோட்ட மைதானத்தில் இவ்விரு கழகங்களும் லீக் ஆட்டத்தில் எதிர்ப்பட்டன. மோகன் பகான் வீரர் பிதேஷ் போசும் ஈஸ்ட் பெங்கால் வீரர் திலீப் பாலித்தும் முரட்டு மோதலில் ஈடுபட, மத்தியஸ்தர் இருவரையும் வெளியேற்றினார். விதிப்படி அவர் செய்ய வேண்டியதைச் செய்தார். ஆனால் புல்வெளியில் மூண்ட தீ அதற்குள் படிக்கட்டுகளில் ஏறிவிட்டது. இரு சாராரும் ஒரே பகுதியில் கலந்திருந்த பார்வையாளர் கூட்டத்திற் கல்லெறியும் கைகலப்பும் மூண்டன. வெளியேற முண்டியடித்த நெரிசலிற் பதினாறு பேர் மாண்டனர். ஆண்டுதோறும் அந்நாளை உதைபந்தாட்ட அன்பர் நாளாகக் கொண்டு கல்கத்தாவில் இரத்ததானம் செய்யும் வழக்கம் பின்னர் ஏற்பட்டது. வீரரின் குற்றம் வீரரோடு முடிவதில்லை என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுமா? இரு வீரருக்கும் காட்டப்பட்ட தண்டனை உடனடியானது, சமமானது. ஆயினும் எதிரெதிர்க் கூட்டங்களை ஒரே படிக்கட்டில் அமர்த்தியோரின் குற்றம் சிவப்பு அட்டையால் அளக்கத்தக்கதாய் இருக்கவில்லை.

இந்நிகழ்ச்சியோடு மக்கள் மைதானத்தை விட்டு விலகினரா எனின், இல்லை என்றே கூறவேண்டும். 1984 இற் சால்ட் லேக் அரங்கு திறக்கப்பட்டது. 1997 யூலை 13 இல் அங்கே நடந்த சம்மேளனக் கிண்ண அரையிறுதியைப் பார்க்க 1,31,000 பேருக்கு மேற் கூடினர். பைச்சுங் பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 4–1 என வென்றது. ஆனால் அது அந்த ஓர் ஆட்டத்துக்கு வந்த கூட்டம். 1982 இல் வண்ணத் தொலைக்காட்சியும், 1983 இல் இந்தியா பெற்ற கிரிக்கெட் உலகக் கிண்ணமும், பின்னர் ஐரோப்பிய ஆட்டங்களின் நேரடி ஒளிபரப்பும் வந்தபின், ஏனைய நாட்களில் வெற்றிருக்கைகள் பெருகின. 1997 இற் கொச்சியில் எழுந்த கழகம் சில ஆண்டுகளிலேயே மறைந்தது. மகிந்திரா கழகம் 2010 இலும், பஞ்சாபின் ஜே.சி.ரி. கழகம் 2011 இலும் கலைந்தன. 2014 இற் புதிய லீக் ஒன்று திரைநட்சத்திரங்களும் கிரிக்கெட் வீரரும் பங்காளராகப் பெரும் ஆரவாரத்தோடு தொடங்கிற்று. 2025 யூலையில், பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் முடியும் தறுவாயில், அதன் அடுத்த பருவத்தையே ஒத்திவைக்க வேண்டியதாயிற்று. பணம் கூட்டத்தைக் கூட்டலாம். கூட்டத்தை இருத்தி வைக்க அதனால் இயலவில்லை.

இத்தளர்ச்சிக் காலத்தின் நடுவிலேதான், தண்டனை பற்றிய பெருவழக்கு எழுந்தது. 2012 டிசெம்பர் 9 இற் சால்ட் லேக் அரங்கில் மீண்டும் அதே இரு கழகங்கள். ஈஸ்ட் பெங்கால் ஒரு கோல் முந்தியிருந்த வேளை, மோகன் பகான் தலைவரும் அதன் பெருநட்சத்திரமுமான ஒடாபா ஒக்கோலி மத்தியஸ்தரோடு முரண்பட்டுச் சிவப்பு அட்டை பெற்றார். கூட்டம் கொதித்தது. எறியப்பட்ட கல்லொன்று மோகன் பகான் வீரர் ரகீம் நபியின் தலையிற் பட, அவர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். இடைவேளைக்குப் பின் மோகன் பகான் மைதானத்துக்குத் திரும்ப மறுத்தது. விசாரணைக்கு நியமிக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி, ஆட மறுத்தமை நியாயமற்றது எனக் கண்டார். டிசெம்பர் 29 ஆம் நாள் அக்கழகத்துக்கு ஈராண்டுத் தடை விதிக்கப்பட்டது.

தடை எத்தனை நாள் நிலைத்தது? 2013 ஜனவரி 15 இல், மூன்று கிழமைக்குள், சம்மேளனத்தின் நிருவாகக் குழு அதனை நீக்கியது. பதிலாக இரண்டு கோடி ரூபா தண்டப்பணமும், அதுவரை பெற்ற புள்ளிகள் யாவற்றின் இழப்பும் விதிக்கப்பட்டன. கழகம் அப்பருவத்திற் கீழிறங்காது தப்பியது. 2015 இல் தேசிய லீக்கையே வென்றது.

இம்மாற்றத்துக்கு ஆதரவாகச் சொல்லத்தக்கன இல்லாமலில்லை. நூற்றாண்டு கடந்த கழகம் மூடப்பட்டால் அதனை நேசிக்கும் இலட்சக்கணக்கானோர் இவ்விளையாட்டையே கைவிடுவர்; கல்லெறிந்தோர் ஒருசிலராயிருக்கக் குற்றமற்ற வீரர் பிழைப்பிழப்பர்; நபிக்கு நேர்ந்த காயமும் பொய்யன்று. இவை சிறுவாதங்கள் அல்ல. தண்டனையைக் கடுமையாக ஓங்கி மென்மையாக விழச்செய்தல் வேண்டுமென்று வள்ளுவர் ‘வெருவந்த செய்யாமை’ அதிகாரத்தில் அரசர்க்கு விதித்த நெறியையும் சிலர் துணைக்கழைக்கலாம். ஆனால் வள்ளுவர் கூறிய மென்மை கோலோச்சும் கையின் மனத்தில் முன்னரே உள்ளது. அடி விழுந்தபின் அடிபட்டவனோடு பேரம் பேசி அதனைத் திரும்பப் பெறுவதன்று. புள்ளியிழப்பும் தண்டப்பணமுமே தகுந்த தண்டனையெனின் முதல் நாளிலேயே அவற்றை விதித்திருக்கலாம். ஈராண்டுத் தடையே தகுந்ததெனின் அதனைக் காத்திருத்தல் வேண்டும். இரண்டுமின்றி, மூன்று கிழமையில் முடிவு தலைகீழாயின், சிறு கழகத்தின் இரசிகன் என்ன எண்ணுவான்? தன் கழகம் இக்குற்றம் செய்திருப்பின் இச்சலுகை கிட்டியிருக்குமா என்றே எண்ணுவான். அந்த ஐயம் எந்தக் கல்லெறியினும் கூடுதலான பேரை மைதானத்தினின்றும் மெல்ல வெளியேற்றும்.

நிருவாகிகளை இவ்வாறு தயங்கச் செய்வது ஓர் அச்சமே: நட்சத்திரத்தைத் தண்டித்தால் கூட்டம் போய்விடும் என்பது. இவ்வச்சத்தை இங்கிலாந்தின் அனுபவம் பொய்ப்பித்துள்ளது. 1995 ஜனவரி 25 இல் மன்செஸ்டர் யுனைட்டட் வீரர் எரிக் கன்ரோனா, சிவப்பு அட்டை பெற்று வெளியேறும் வழியில், தம்மை இகழ்ந்த பார்வையாளர் ஒருவரைப் பாய்ந்து உதைத்தார். அவரது கழகம் தானாகவே அப்பருவம் முடியும்வரை அவரை விலக்கியது; உதைபந்தாட்டச் சங்கம் விலக்கைச் செப்டெம்பர் இறுதிவரை நீட்டியது; நீதிமன்றம் விதித்த இரு கிழமைச் சிறை, மேன்முறையீட்டில் 120 மணிநேரச் சமூகசேவையாக மாறியது. சிறுவர்க்குப் பந்தாட்டம் பயிற்றி அவர் அதனை நிறைவேற்றினார். அவரின்றி ஆடிய கழகம் ஒரேயொரு புள்ளியால் லீக் கிண்ணத்தைப் பிளாக்பேண் கழகத்திடம் இழந்தது. இழப்பு மெய்யானது, ஆயினும் தண்டனை குறைக்கப்படவில்லை, அரங்கும் வெறிச்சோடவில்லை. மறுபருவத்தில் அவர் திரும்பிவந்தார். கழகம் லீக் கிண்ணத்தையும் சங்கக் கிண்ணத்தையும் ஒருங்கே வென்றது.

இந்தியாவும் அப்பாடத்தை ஓரளவு பயின்றது எனலாம். 2023 மார்ச் 3 இற் பெங்களூரில், சுனில் சேத்திரி விரைந்து அடித்த ஒரு கோலை ஏற்காது கேரள பிளாஸ்ரேர்ஸ் அணி மேலதிக நேரத்தில் ஆட்டத்தை விட்டு வெளியேறியது. இம்முறை தீர்ப்பளித்தது நிருவாகக் குழுவன்று, ஒழுக்காற்றுக் குழு. நான்கு கோடி ரூபா தண்டப்பணம், பகிரங்க மன்னிப்பு, மன்னிப்புக் கோராவிடின் தண்டம் ஆறு கோடி, பயிற்றுநர் இவான் வுகோமனோவிச்சுக்குப் பத்து ஆட்டத் தடை என அம்மாத இறுதிக்குள் முடிவு வெளிவந்தது. நாட்டிலேயே மிகுந்த இரசிகர் கொண்ட கழகங்களுள் ஒன்று அது என்பதை நோக்குக.

இலங்கையிலோ தண்டனை வேறொரு திசையிலிருந்து வந்தது. சம்மேளன நிருவாகத்தில் வெளியார் தலையீடு நேர்ந்ததெனக் கூறி உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் 2023 ஜனவரியில் இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்டிலேயே அது நீங்கியது. இடையில் யூனில் பெங்களூரில் தொடங்கிய தென்னாசியப் போட்டிக்கு இலங்கை அணி செல்ல இயலவில்லை. பந்தைத் தொடாதோரின் பிழைக்கு, பந்தன்றி வேறறியாத இளைஞர் ஓர் ஆண்டை இழந்தனர். குற்றவாளி ஓரிடத்திலும் தண்டனை வேறிடத்திலும் இருப்பின் அதனை ஒழுங்கு என்பதற்கு நா எழாது.

இதே முறைகேடு சிற்றுருவில் ஊர்ச் சுற்றுப்போட்டிகளிலும் காணப்படும். ஒரு வீரன் மத்தியஸ்தரைத் தள்ளினால் அவனுடைய கழகம் முழுவதும் ஓராண்டுக்கு விலக்கப்படுகின்றது. ஆண்டில் மூன்று நான்கு சுற்றுப்போட்டிகளே நடக்கும் வன்னியில் ஓராண்டு விலக்கு என்பது ஒரு சிறுகழகத்தின் முடிவு. சீருடைக்குக் காசு சேர்த்த பதினைந்து பேர் ஒருவன் கைக்காகக் கலைந்து போகின்றனர்; தள்ளியவனோ மறுமாதம் வேறு கழகத்திற்கு ஆடுகின்றான். விசாரிப்போரும் பெரும்பாலும் போட்டியை நடத்தும் கழகத்தாரே. அவர் அணியும் அதே போட்டியில் ஆடும்.

பெருந்தண்டனையை அரிதாக விதிப்பதினும் சிறுதண்டனையைத் தவறாது விதித்தலே பயன் தரும் என்பதற்கு அண்மைக்காலச் சான்றொன்றுண்டு. மத்தியஸ்தரோடு வாதிடும் வீரனைப் பத்து நிமிடம் வெளியே இருத்தும் முறையை இங்கிலாந்துச் சங்கம் 2017 முதற் கீழ்நிலை லீக்குகள் முப்பத்தொன்றிற் சோதித்துப் பார்த்தது. வாதிடும் குற்றங்கள் நூற்றுக்கு 38 வீதம் குறைந்தன. 2019–20 பருவத்தில் அம்முறை அந்நாட்டின் கீழ்நிலை ஆட்டங்கள் அனைத்துக்கும் விரிந்தது. இதற்குப் பணம் வேண்டியதில்லை, அரங்கு வேண்டியதில்லை, மேன்முறையீடும் வேண்டியதில்லை. குற்றம் செய்தவன் தானே கோட்டுக்கு வெளியே நின்று, தன் தோழர் ஒருவர் குறைய ஓடுவதைப் பார்க்கின்றான்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்ட லீக்குகளும் ஊர்க் கழகங்களும் இம்முறையை மேற்கொள்ளத் தடை யாதுமில்லை. அதனோடு, ஆடும் கழகம் எதனையும் சாராத மூவரைப் போட்டி தொடங்கு முன்னரே ஒழுக்காற்றுக் குழுவாக அமைத்தலும் எளிது. ஒவ்வோர் ஊரிலும் ஓர் ஆசிரியரும், கிராம அலுவலரும், ஆட்டத்தை விட்டு ஓய்ந்த பழைய வீரர் ஒருவரும் இருப்பர். குற்றங்களின் பட்டியலும் ஒவ்வொன்றுக்கும் உரிய தண்டனையும் கழகங்கள் பெயர் பதியும் பத்திரத்தின் மறுபக்கத்திலேயே அச்சிடப்படலாம். விசாரணை அன்று மாலையே நடந்து, முடிவு மறுநாட் காலையில் வாசிகசாலைப் பலகையில் ஒட்டப்படலாம். விலக்கு கழகத்தைப் பற்றாது வீரனைப் பற்றி, அவன் எந்தச் சீருடை அணிந்து வரினும் அடுத்த சுற்றுப்போட்டிக்கும் தொடர்ந்து செல்லலாம்.