இறக்கை அரசுக்கு, கடன் மக்களுக்கு

டீ சூடாக இருக்கிறது, ஆறட்டும். அதற்குள் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஒரு நாட்டின் பெயரைத் தாங்கிய விமான நிறுவனம். நல்ல விமானிகள், தேர்ந்த பொறியாளர்கள், பாதுகாப்பில் நல்ல பெயர், கூட்டம் ஏறும் தடங்கள் எல்லாம் இருக்கின்றன. ஆனாலும் வருஷா வருஷம் நஷ்டம். ஏன்?

"அரசாங்கம் நடத்தினால் அப்படித்தான்" என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் ஆப்பிரிக்காவிலேயே மிகப் பெரிய விமான நிறுவனமான எத்தியோப்பியன் ஏர்லைன்ஸும் முழுக்க முழுக்க அரசுடையதுதான். அது லாபத்தில் பறக்கிறது. ஆக, பதில் வேறெங்கோ இருக்கிறது. அதைத் தேட, சவுத் ஆஃப்ரிக்கன் ஏர்வேஸின் கதை நல்ல இடம்.

1934-ல் யூனியன் ஏர்வேஸ் என்ற தனியார் நிறுவனத்தை அரசு எடுத்துக்கொண்டது. அப்படிப் பிறந்ததுதான் இது. ஆரம்பம் முதலே இதன் வேலை ஆட்களை ஏற்றி இறக்குவது மட்டுமல்ல, நாட்டின் முகமாக இருப்பதும்தான். நிறவெறி ஆட்சிக் காலத்தில் அந்த முகத்துக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. 1963 முதல் ஆப்பிரிக்க நாடுகள் தங்கள் வான்வெளியை மூடின. லண்டனுக்குப் போகிற விமானம் கண்டத்துக்கு மேலே நேராகப் போக முடியாமல், மேற்குக் கடலோரத்தைச் சுற்றிக்கொண்டு, அட்லாண்டிக்கில் உள்ள சால் தீவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போனது. 1986-ல் அமெரிக்கா தன் நாட்டில் இறங்கவே தடை விதித்தது. எந்தத் தனியார் நிறுவனமும் இந்தச் செலவைத் தாங்கியிருக்காது. அரசு தாங்கியது. உள்நாட்டிலோ 1991 வரை முக்கியத் தடங்களில் போட்டியே இல்லை. செலவை யோசிக்காமல் பறப்பதும், போட்டியில்லாமல் சம்பாதிப்பதும் இப்படித்தான் பழக்கமாயின.

நிறவெறி ஆட்சி முடிந்ததும் வானம் திறந்தது. கூடவே போட்டியும் வந்தது. அப்போதுதான் இரண்டு இயற்கையான சிக்கல்கள் தெரிந்தன.

முதலாவது, இருக்கும் இடம். நிறுவனத்தின் தளமான ஜோஹானஸ்பர்க் கண்டத்தின் தென்கோடியில் இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குப் போகிறவர் அங்கே இறங்கி மாற மாட்டார். துபாய்க்கும் அடிஸ் அபாபாவுக்கும் கிடைக்கிற அந்த இடைவழிக் கூட்டம் இவர்களுக்குக் கிடையாது. போதாக்குறைக்கு, லண்டனுக்கும் ஜோஹானஸ்பர்குக்கும் நேர வித்தியாசம் ஒன்றிரண்டு மணி நேரம்தான், பயணமோ சுமார் 11 மணி நேரம். இரவில் ஏறிக் காலையில் இறங்குவதையே பயணிகள் விரும்புவார்கள். அதனால் காலையில் லண்டன் சேர்ந்த விமானம், திரும்பும் இரவு வரை பகல் முழுக்கச் சும்மா நிற்கும். நிற்கிற விமானத்துக்கும் வாடகை ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இரண்டாவது, பணம். டிக்கெட்டின் பெரும்பகுதி உள்ளூர் நாணயமான ரேண்டில் விற்கிறது. எரிபொருள், விமான வாடகை, உதிரி பாகம் எல்லாம் டாலரில். ரேண்ட் சரிந்தால் அடி. சரி, அதற்குப் பாதுகாப்பு தேடலாம் என்று, வருங்காலத்தில் டாலரை இன்ன விலைக்கு வாங்குவோம் என முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டார்கள். 2001 கடைசியில் ஒரு டாலருக்கு 13 ரேண்டைத் தாண்டிப் போயிருந்த நாணயம், அடுத்த இரண்டு ஆண்டுகளில் 7 ரேண்டுக்குக் கீழே வந்து வலுத்தது. மலிவாகிவிட்ட டாலரை ஒப்பந்தப்படி பழைய விலைக்கே வாங்க வேண்டியதாயிற்று. அந்த ஒரு கணக்கில் மட்டும் சுமார் 600 கோடி ரேண்ட் போனது. மழைக்குப் பயந்து குடை வாங்கலாம், அதற்காக வீட்டை அடமானம் வைத்தா வாங்குவது?

இந்தச் சிக்கல்கள் எல்லாம் தீர்க்கக்கூடியவைதான். நஷ்டத் தடத்தை மூடலாம், நான்கு எஞ்சின் வைத்து எரிபொருள் குடிக்கும் ஏர்பஸ் ஏ340 விமானங்களைச் சீக்கிரம் கழித்துக்கட்டலாம், வலுவான கூட்டாளியைப் பிடிக்கலாம். கூட்டாளி முயற்சியும் நடந்தது. 1999-ல் சுவிஸ்ஏர் 20 விழுக்காடு பங்கை வாங்கியது. 2001-ல் சுவிஸ்ஏரே திவாலாகி, அந்தப் பங்கு அரசிடமே திரும்பி வந்தது. அது துரதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு நடந்ததைத் துரதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாது.

2012 கடைசியில் டூடு மியேனி இயக்குநர் குழுவின் தலைவரானார். அன்றைய அதிபர் ஜேக்கப் ஜூமாவுக்கு நெருக்கமானவர். 2015-ல் எமிரேட்ஸுடன் கூட்டைப் பெருக்க ஒரு நல்ல ஒப்பந்தம் கையெழுத்தாகும் நிலையில் இருந்தது. அது நடக்கவில்லை. ஏர்பஸ்ஸுடனான விமான ஒப்பந்தம் ஒன்றையும் அவர் இடையில் மாற்றப் பார்த்தார். நிதியமைச்சர் ந்லான்லா நேனே அதற்கு ஒப்பவில்லை. அந்த டிசம்பரில் நேனேயின் பதவி போனது, ரேண்ட் மடமடவென்று சரிந்தது. பின்னர் 2020 மே மாதம் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம், இனி ஆயுளுக்கும் எந்த நிறுவனத்திலும் இயக்குநராக இருக்கத் தகுதியற்றவர் என்று மியேனியைப் பற்றித் தீர்ப்பளித்தது.

இத்தனை குழப்பத்திலும் வங்கிகள் எப்படிக் கடன் கொடுத்தன? விஷயத்தின் முடிச்சு இங்கேதான். அரசு கையில் காசு கொடுக்கவில்லை, ஜாமீன் கையெழுத்துப் போட்டது. "இவர்கள் கட்டாவிட்டால் நாங்கள் கட்டுவோம்" என்ற உத்தரவாதம். பட்ஜெட்டில் அது செலவாகத் தெரியாது, அதனால் யாருக்கும் உறுத்தாது. 2016-க்குள் இப்படிப் போட்ட கையெழுத்துகள் 1,910 கோடி ரேண்டை எட்டின. உத்தரவாதம் இல்லாவிட்டால், நிறுவனம் தொடர்ந்து நடக்கும் என்று தணிக்கையாளர்கள் சான்று தர மாட்டார்கள். அதனால் ஆண்டறிக்கையும் தள்ளித் தள்ளிப் போனது. 2017 ஜூனில் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கி கடனைத் திருப்பிக் கேட்டது. அரசு 220 கோடி ரேண்டை எடுத்துக் கட்டியது. அதுவரை காகிதத்தில் இருந்த கையெழுத்து, வரி கட்டியவரின் பணமாக மாறியது. 2016-17-க்கான நஷ்டம் மட்டும் சுமார் 560 கோடி ரேண்ட்.

2017 கடைசியில் தனியார் துறையிலிருந்து வூயானி ஜரானாவைத் தலைமை நிர்வாகியாகக் கொண்டுவந்தார்கள். மீட்புத் திட்டம் போட்டார். ஆனால் திட்டத்துக்கான பணம் உறுதியாகவில்லை, ஒவ்வொரு முடிவும் அரசு மேசைகளில் காத்துக் கிடந்தது. 2019-ல் அதையே காரணமாகச் சொல்லி விலகினார். அந்த நவம்பரில் 900-க்கும் மேற்பட்ட வேலைகள் போகலாம் என்ற அறிவிப்பு வந்தது. சம்பள உயர்வுக் கோரிக்கையும் சேர்ந்துகொள்ள, தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நாளொன்றுக்கு 5 கோடி ரேண்ட் போகிறது என்றது நிர்வாகம். தொழிலாளர்களைக் குறை சொல்வது எளிது. மேலே எடுத்த முடிவுகளுக்குக் கீழே வேலையை விலையாகக் கேட்டால் அவர்கள் வேறென்ன செய்வார்கள்?

டிசம்பர் 5 அன்று நிறுவனம் சட்டப்படியான மீட்பு நடவடிக்கைக்குள் போனது. கடன் கொடுத்தவர்களைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, வெளி நிர்வாகிகளிடம் சாவியைக் கொடுக்கும் ஏற்பாடு அது. மூன்று மாதத்தில் கொரோனா வந்தது. வழக்கமான சேவை 2020 மார்ச்சில் நின்று, 2021 செப்டம்பர் 23 அன்றுதான் மீண்டும் தொடங்கியது. இடையில் அரசு 1,050 கோடி ரேண்ட் ஒதுக்கியது. ஏறத்தாழ 4,700 பேர் வேலை பார்த்த இடத்தில் ஆயிரம் பேர் அளவுக்கே மிஞ்சினார்கள். 51 விழுக்காடு பங்கை டக்காட்சோ என்ற கூட்டமைப்புக்குக் கொடுக்கும் பேச்சு 2021-ல் தொடங்கி, 2024 மார்ச்சில் முறிந்தது.

"முன்னமே தனியாரிடம் கொடுத்திருக்கலாமே" என்று தோன்றும். அதே நாட்டில், அதே வானத்தில் பல பத்தாண்டுகள் பறந்த தனியார் நிறுவனம் கோமேர் 2022-ல் மூடப்பட்டது. தனியார் என்பதும் மந்திரம் அல்ல.

இப்போது எத்தியோப்பியனுக்கு வருவோம். 1945-ல் அமெரிக்காவின் டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் துணையோடு தொடங்கியது. நாட்டில் மன்னராட்சி போனது, சோவியத் சார்பு ராணுவ ஆட்சி வந்தது. அந்த ஆட்சியிலும், நிறுவனம் தனக்குத் தேவை என்று போயிங் விமானங்களையே வாங்கியது. 2011 முதல் 2022 வரை தலைமையில் இருந்த தெவோல்டேயும், அவருக்குப் பின் வந்த மெஸ்ஃபினும் 1980-களில் அங்கேயே வேலைக்குச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர்கள். கொரோனா நாட்களில் பயணிகள் இருக்கைகளைக் கழற்றிவிட்டுச் சரக்கு ஏற்றினார்கள், அரசிடம் மீட்புப் பணம் கேட்கவில்லை. அடிஸ் அபாபாவின் இருப்பிடம் அவர்களுக்குக் கிடைத்த வரம், உண்மை. ஆனால் எந்தத் தடம், எந்த விமானம், யார் தலைமை என்ற மூன்று முடிவுகளும் தொழில் தெரிந்தவர்கள் கையில் இருந்தது வரம் அல்ல, கட்டுப்பாடு.

சவுத் ஆஃப்ரிக்கன் ஏர்வேஸ் இன்று சிறியதாக, அரசின் கையிலேயே பறக்கிறது. 2022-23-க்கு 25.2 கோடி ரேண்ட் லாபம் காட்டியது. 2012-க்குப் பிறகு அதுதான் முதல் லாபம் என்று அறிவித்தது. சாவ் பாலோவுக்கும் பெர்த்துக்கும் மறுபடியும் போகிறது. நல்லது. ஆனாலும் லாபத்தை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். எந்த நாடானாலும் சரி, அரசு விமான நிறுவனத்துக்குப் பணம் ஒதுக்கிய செய்தியைப் படிக்கும்போது மூன்றைக் கேளுங்கள்: கடைசி ஆண்டறிக்கை நேரத்துக்கு வந்ததா? இயக்குநர் குழுவில் இருப்பவர்களுக்குத் தொழில் தெரியுமா, அமைச்சரைத் தெரியுமா? வங்கிக்கு அரசு போட்ட ஜாமீன் எவ்வளவு? இந்த மூன்றுக்கும் நேரான பதில் இல்லையென்றால், கொடுக்கிற பணம் மீட்புக்கு அல்ல, அடுத்த தவணை நஷ்டத்துக்கு.