டிஸ்ப்ளே வரலை மாமா!

அரையாண்டு விடுமுறையின் இரண்டாம் நாள் காலையில் ஆதம்பாக்கத்திலிருந்து அக்கா மகன் போன் செய்தான். குரல் கம்மியிருந்தது.

"மாமா, கம்ப்யூட்டர் செத்துப்போச்சு. புது கிராபிக்ஸ் கார்டு போட்டேன். ஆன் பண்ணா ஃபேன் அரைச் சுத்து சுத்திட்டு நின்னுடுது. டிஸ்ப்ளேவே வரலை."

பொங்கல் காசு, பிறந்தநாள் காசு எல்லாம் இரண்டு வருஷம் சேர்த்து, மீதியை அப்பாவிடம் கேட்டு வாங்கிய கார்டு அது. என்விடியா ஆர்.டி.எக்ஸ். 3060. ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். எனக்குக் கவலை அதிகம் இல்லை. முழுசாகச் செத்துப்போன கம்ப்யூட்டரில் ஃபேன் அரைச் சுற்றுகூடச் சுற்றாது.

போனதும் பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன். பிறகு பவர் பட்டனை ஒரு முறை அழுத்தச் சொன்னேன். "கரண்ட் இல்லாமலே எதுக்கு மாமா?" என்றான். உள்ளே மின்தேக்கிகளில் மிச்சம் இருக்கும் மின்னூட்டம் வடிவதற்கு. அதன்பின் கேபினட்டின் பெயின்ட் இல்லாத தகரத்தைத் தொட்டுக்கொண்டோம். நம் உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் ஒரு சிப்பைக் கெடுக்கப் போதும். கடற்காற்றின் ஈரம் இருப்பதால் சென்னையில் அந்த ஆபத்து குறைவுதான். ஆனாலும் தொட்டுவிடுவது நல்லது.

புதுக் கார்டைக் கழற்றினோம். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் இருந்த பழைய இடத்திலேயே செருகி ஆன் செய்தோம். "பீப்" என்று ஒரு சத்தம். திரையில் வெளிச்சம். அவன் முகத்திலும்தான்!

இதுவே எங்கள் முதல் துப்பு. பிராசஸர், ரேம், மதர்போர்டு எதற்கும் பழுதில்லை. கார்டின் தங்கப்பூச்சுப் பற்களை ரப்பரால் மெல்லத் தேய்த்தேன். கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவின் மெக்கானிக்குகள் ரேமுக்குச் செய்யும் வைத்தியம் அது. தூசி போக ஊதிவிட்டு, கார்டை மறுபடியும் செருகினோம். ஸ்லாட்டின் கொக்கி "க்ளிக்" என்று பூட்டிக்கொண்டது. ஆன் செய்தால், அதே அரைச் சுற்று.

அப்போதுதான் அந்த ஒயரைக் கவனித்தேன். கார்டின் முதுகில் எட்டு ஓட்டை உள்ள ஒரு சாக்கெட். அதில் செருகியிருந்தது ஒரு கன்வர்ட்டர் ஒயர். அதன் மறுமுனை, பழைய ஹார்டு டிஸ்குக்கு வரும் நாலு பின் ஒயர்களோடு இணைந்திருந்தது.

"இது எதுக்குடா?"

"நம்ம எஸ்.எம்.பி.எஸ்.ல எட்டு பின் ஒயரே இல்லை மாமா. கடையில இதைக் கொடுத்தாங்க."

எஸ்.எம்.பி.எஸ். என்பது சுவர் மின்சாரத்தை வாங்கி, கம்ப்யூட்டருக்கு வேண்டிய வோல்டில் மாற்றித் தரும் பெட்டி. விஷயம் அங்கேதான் இருந்தது. உங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு வகை பிளக் பாயின்ட் இருக்கும். போன் சார்ஜருக்குச் சிறியது, 6 ஆம்பியர். கீசருக்கும் ஏசிக்கும் பெரியது, 16 ஆம்பியர். கீசர் பிளக் சிறிய பாயின்டில் நுழையவே நுழையாது. வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். சிறிய பாயின்டுக்கு வரும் மெல்லிய ஒயர் அவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்காது. கன்வர்ட்டர் போட்டு நுழைத்துவிட்டால் மட்டும் ஒயர் தடித்துவிடுமா? எஸ்.எம்.பி.எஸ்.ஸில் எட்டு பின் ஒயர் இல்லை என்றால், அதைச் செய்தவர்கள் "இவ்வளவு பெரிய கார்டை என்மேல் ஏற்றாதே" என்று சொல்லியிருக்கிறார்கள் என்று பொருள்.

கிராபிக்ஸ் கார்டு செருகும் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும். எட்டு பின் ஒயர் இன்னும் 150 வாட் தரலாம். அந்த எட்டில் மூன்று பின்களில்தான் 12 வோல்ட் வருகிறது. மற்ற ஐந்தும் மின்சாரம் திரும்பிப் போகும் தரைக்கம்பியோடு சேர்ந்தவை. எனக்கு மிகவும் பிடித்த சங்கதி, அந்த ஐந்தில் இரண்டு பின்கள் செய்யும் வேலை. "ஒயர் செருகியாயிற்று, நீ மின்சாரம் எடுத்துக்கொள்ளலாம்" என்று கார்டுக்குச் சேதி சொல்வதற்கென்றே அவற்றை வைத்திருக்கிறார்கள்.

"ஒரு கார்டுக்கு எதுக்கு மாமா இவ்வளவு கரண்ட்?" நல்ல கேள்வி. அவன் திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். மொத்தம் 20,73,600. விளையாட்டு ஓடும்போது நொடிக்கு 60 படம் வேண்டும். ஆக, ஒரே நொடியில் 12 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் தீர்மானிக்க வேண்டும். இந்தக் கார்டில் 3,584 குட்டிக் கணக்குப்பிள்ளைகள் ஒரே நேரத்தில் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போடுகின்றன. அத்தனைக்கும் சேர்த்து 170 வாட்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பக்கவாட்டு ஸ்டிக்கரை டார்ச் அடித்துப் பார்த்தோம். மேலே கொட்டை எழுத்தில் 450 என்று இருந்தது. கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட், 16 ஆம்பியர். பெருக்கச் சொன்னேன். 192 வாட். கார்டும் பிராசஸரும் குடிப்பது அந்த 12 வோல்ட் கோட்டிலிருந்துதான். கார்டுக்கு 170, பிராசஸருக்கு 65, சேர்த்தால் 235. கணக்கு இடிக்கிறது. பெரிய எண்ணைப் பெரிதாகவும் உண்மையான எண்ணைப் பொடியாகவும் அச்சிடுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வழக்கம்.

ஆன் செய்த நொடியிலேயே கார்டு 170 வாட்டையும் கேட்காது. ஆனால் அதிலுள்ள மின்தேக்கிகள் எல்லாம் ஒரே சமயத்தில் நிரம்பப் பார்க்கும். மின்னோட்டம் ஒரு கணம் எகிறும். எட்டு வருஷம் உழைத்த எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு மூச்சு வாங்கும். 12 வோல்ட் என்பது 11.4க்குக் கீழே போகக் கூடாது. எல்லா வோல்ட்டும் சரியாக இருந்தால்தான், அரை நொடிக்குள், "பவர் நன்றாக இருக்கிறது" என்று எஸ்.எம்.பி.எஸ். மதர்போர்டுக்கு ஒரு சைகை அனுப்பும். அது வரும்வரை பிராசஸர் கண்ணையே திறக்காது. சுமை தாங்கவில்லை என்றால் எஸ்.எம்.பி.எஸ். தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். அந்த அரைச் சுற்றுக்குள் நடந்தது இவ்வளவும்.

மறுநாள் வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்தோம். கடைக்காரர் எடுத்து வைத்த ஒவ்வொன்றிலும் அவன் முதலில் தேடியது பொடி எழுத்தைத்தான். 550 வாட், எட்டு பின் ஒயர் தன்னோடே வருவது, ஒன்று வாங்கினோம்.

வீட்டில் எல்லா ஒயரையும் அவனே செருகினான். பட்டனை அழுத்தினான். ஃபேன் சுற்றியது, நிற்கவில்லை. ஒரு பீப். திரை மட்டும் கறுப்பு! அவன் என்னைப் பார்த்தான். நான் மானிட்டர் கேபிளைப் பார்த்தேன். இன்னும் மதர்போர்டில்தான் இருந்தது. புதுக் கார்டைக் கண்டதும் அந்தப் பழைய வழியை மதர்போர்டு மூடிவிட்டது. கேபிளைக் கார்டுக்கு மாற்றினான். படம் வந்துவிட்டது.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். கேபினட்டைப் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது திறந்து பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் யாருமே திறக்க வேண்டாம். நம் 230 வோல்ட் அதற்குள் 325 வோல்ட் அல்லது அதற்கும் மேலே ஏறி மின்தேக்கியில் தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அங்கேயே இருக்கும். ஸ்டிக்கர் பெட்டிக்கு வெளியேதான் இருக்கிறது. அதில் 12 வோல்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, 12ஆல் பெருக்கி, உங்கள் நோட்டில் எழுதி வையுங்கள்.