மூச்சு நின்று நின்று வரும் தூக்கம்!

ராத்திரி 2 மணி. வீடே தூங்குகிறது.

கணவர் குறட்டை விடுகிறார். பக்கத்து அறை வரை கேட்கும் குறட்டை.

திடீர் என்று குறட்டை நிற்கிறது. மனைவிக்கு நிம்மதி வரவில்லை. பயம் வருகிறது. குறட்டையோடு மூச்சும் அல்லவா நின்று விட்டது!

மார்பு ஏறி இறங்குகிறது. ஆனால் மூக்கில் காற்று இல்லை. 10 வினாடி... 20 வினாடி... பிறகு, தண்ணீரில் மூழ்கியவர் தலையைத் தூக்குவது போல ஒரு திணறல். மூச்சு வருகிறது. குறட்டையும் வருகிறது.

காலையில் கேட்டால், "நான் நன்றாகத்தானே தூங்கினேன்!" என்பார் கணவர். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது.

இதற்கு "ஸ்லீப் அப்னியா" என்று பெயர். தூக்கத்தில் மூச்சு அடைத்துக் கொள்ளும் நோய்.

எப்படி அடைக்கிறது?

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து விடும். நாக்கு பின்னால் சரியும். சிலருக்கு மூச்சுப் பாதை அப்படியே ஒட்டிக் கொள்ளும்.

ரத்தத்தில் பிராண வாயு குறைகிறது. உடனே மூளை ஆளைத் தட்டி எழுப்புகிறது. ஒரு கணம்தான். தசைகள் இறுகும், பாதை திறக்கும், மறுபடியும் தூக்கம். மறுபடியும் அடைப்பு.

ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை மூச்சு நிற்கிறது, அல்லது நன்றாகக் குறைகிறது என்று டாக்டர்கள் எண்ணுகிறார்கள். 10 வினாடியாவது நீடித்தால்தான் கணக்கில் சேரும். 5 முதல் 14 தடவை என்றால் லேசான நோய். 15 முதல் 29 வரை நடுத்தரம். 30-ம் அதற்கு மேலும் கடுமை.

லேசு என்றால் லேசு அல்ல! மணிக்கு 10 தடவை என்று வைத்துக் கொள்ளுங்கள். 6 மணி நேரத் தூக்கத்தில் 60 தடவை!

அதனால்தான் சிலர் பகலில் நாற்காலியில் உட்கார்ந்ததும் தூங்கி விழுகிறார்கள். வண்டி ஓட்டுகிறவர் கண் அயர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியது இல்லை.

சிட்னியில் ஒரு இரவு

1980-ம் ஆண்டு. ஜுன் மாதம். ஆஸ்திரேலியாவில் உள்ள சிட்னி நகரம்.

டாக்டர் காலின் சல்லிவனிடம் ஒரு நோயாளி வந்தார். அவருக்கு நோய் மிகவும் முற்றி இருந்தது.

அந்தக் காலத்தில் கடுமையான நோய்க்கு நிச்சயமான சிகிச்சை ஒன்றுதான். கழுத்தில் துளை போட்டு, அதில் ஒரு குழாயைச் செருகி விடுவார்கள். பகலில் அதை மூடிக் கொண்டு பேசலாம். இரவில் திறந்து வைத்துத் தூங்க வேண்டும்.

"துளை வேண்டாம்" என்று அந்த நோயாளி மறுத்து விட்டார்.

சல்லிவன் கனடாவில் டொராண்டோ நகரில் இருந்தபோது, தூங்கும் நாய்கள் எப்படி மூச்சு விடுகின்றன என்று ஆராய்ந்தவர். அவருக்கு ஒரு யோசனை தோன்றி இருந்தது. மூக்கு வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பினால், ஒட்டிக் கொள்ளும் தொண்டை திறந்தே இருக்கும் அல்லவா?

வீடு பெருக்கும் "வாக்குவம் கிளீனர்" மோட்டாரை எடுத்தார்கள். அது காற்றை உறிஞ்சும். இங்கே ஊதுவதற்குப் பயன்பட்டது! குழாயை மூக்கில் பொருத்தி, காற்று ஒழுகாமல் இருக்க சீக்கிரம் இறுகும் சிலிக்கோன் பசையைப் பூசினார்கள். கழுத்தில் துளையை விட மூக்கில் பசை எவ்வளவோ மேல் அல்லவா? நோயாளி சம்மதித்தார்.

அவர் தூங்கினார். மூச்சு அடைத்தது. சல்லிவன் காற்றின் அழுத்தத்தை மெல்லக் கூட்டினார்.

அடைப்பு விலகியது! அழுத்தத்தைக் குறைத்தார், மறுபடியும் அடைத்தது. கூட்டினார், விலகியது.

சில மணி நேரம் மட்டும் சோதிப்பதாக இருந்தது. நோயாளி தூங்கிய தூக்கத்தைப் பார்த்து, இரவு முழுவதும் ஓட விட்டார்கள். காலையில் அவர் தானாகவே விழித்தார். தெளிவாக இருந்தார்.

மறு ஆண்டு, 1981-ல், 5 நோயாளிகளைப் பற்றி "லான்செட்" என்ற மருத்துவப் பத்திரிகையில் சல்லிவனும் அவருடைய தோழர்களும் எழுதினார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்ட அழுத்தம் 4½ முதல் 10 சென்டிமீட்டர் தண்ணீர் அளவுதான்.

அது எவ்வளவு? ஒரு உயரமான கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றுங்கள். உறிஞ்சு குழாயின் நுனியை 10 சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து ஊதுங்கள். குமிழி வர எவ்வளவு ஊதுகிறீர்களோ, அதுதான் 10. ஒரு குழந்தை கூட ஊதி விடும்!

எல்லோருக்கும் எந்திரமா?

இன்று அந்த எந்திரத்துக்கு "சிபேப்" என்று பெயர். கையில் எடுத்துச் செல்லும் அளவுக்குச் சிறியது. பசை கிடையாது, மெத்தென்ற மூக்கு மூடியும் பட்டையும் வந்து விட்டன.

லேசான நோய் உள்ள எல்லோருக்கும் இது வேண்டும் என்பது இல்லை. பருமனாக இருப்பவர் எடையைக் குறைத்தால் பலன் உண்டு. சிலருக்கு மல்லாந்து படுத்தால்தான் அடைக்கும்; ஒருக்களித்துப் படுத்தால் போதும். இரவில் மது கூடாது. டாக்டரைக் கேட்காமல் தூக்க மாத்திரையும் கூடாது. கீழ்த் தாடையை முன்னே தள்ளி வைக்கும் பல் கவசமும் உண்டு.

பகல் தூக்கம், ரத்தக் கொதிப்பு போன்ற தொல்லைகள் இருந்தால் டாக்டர் எந்திரத்தை எழுதிக் கொடுப்பார்.

வாங்குவது சுலபம். மாட்டிக் கொண்டு தூங்குவதுதான் கஷ்டம்! லேசான நோயாளிக்கு அது இன்னும் கஷ்டம். கடுமையான நோயாளிக்கு ஒரே இரவில் கூடப் பெரிய மாறுதல் தெரியலாம். லேசான நோயாளிக்குச் சுகம் மெல்லத்தான் தெரியும். தொல்லையோ முதல் இரவே தெரியும்! பல எந்திரங்கள் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேருவது இதனால்தான்.

முதல் சில நாட்கள்

முதலில் பகலில் பழக வேண்டும். பத்திரிகை படிக்கும்போது அரை மணி நேரம் மாட்டிக் கொள்ளலாம்.

மூடியைப் படுத்துக் கொண்டுதான் பொருத்திப் பார்க்க வேண்டும். உட்கார்ந்தால் ஒரு முகம். படுத்தால் ஒரு முகம்! காற்று ஒழுகுகிறதே என்று பட்டையை முறுக்கக் கூடாது. முறுக்கினால் மூடி கோணிக் கொண்டு இன்னும் ஒழுகும். மூக்குத் தண்டும் புண்ணாகும்.

எந்திரத்தின் அழுத்தம் பொதுவாக 4 முதல் 20 வரை. தானாகவே கூட்டிக் குறைத்துக் கொள்ளும் எந்திரங்களும் உண்டு. 4-ல் தொடங்கினால் சிலருக்குக் காற்றுப் போதாமல் திணறும். "எந்திரம் மூச்சு முட்டுகிறது" என்று கழற்றி எறிந்து விடுவார்கள். உண்மையில் அவர்களுக்கு வேண்டியது கொஞ்சம் கூடுதல் காற்று! டாக்டரிடம் சொன்னால் தொடக்க அளவை உயர்த்திக் கொடுப்பார்.

வேறு சிலருக்கு நேர் மாறு. எதிர்க் காற்றில் மூச்சை வெளியே விட முடியவில்லை என்பார்கள். மூச்சு விடும்போது மட்டும் அழுத்தத்தைத் தணிக்கும் வசதி உண்டு. தூக்கம் வரும் வரை மெல்ல மெல்ல ஏறும்படியும் வைக்கலாம்.

வயிறு காற்றால் உப்பினால், அழுத்தம் அதிகமாக இருக்கலாம். வாய் வறண்டால், தூக்கத்தில் வாய் திறந்து காற்று போகிறது என்று பொருள். வாயையும் சேர்த்து மூடும் மூடி அதற்கு உதவும். மூக்கு வறண்டால், ஈரக் காற்றுக்குத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்ற வேண்டும். தினமும் மாற்ற வேண்டும். குளிர்ந்த அறையில் குழாய்க்குள் தண்ணீர் சொட்டினால், ஈர அளவைக் குறைக்க வேண்டும்.

ஒரே இரவில் நாலு மாற்றம் செய்யக் கூடாது. எது நன்மை செய்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும். ஒன்றை மாற்றி, சில இரவுகள் பார்க்க வேண்டும். அழுத்தத்தை மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. அதிகமாக ஏற்றினால், தொண்டை திறந்திருந்தும் மூச்சு விட மறந்து போகிறவர்கள் உண்டு!

காலையில் எந்திரமே கணக்குச் சொல்லும். மணிக்கு எத்தனை அடைப்பு, எவ்வளவு ஒழுக்கு என்று பல எந்திரங்கள் காட்டும். அடைப்பு 5-க்குக் கீழே இருந்தால் நல்லது. மூடியைத் தினமும் லேசான சோப்பில் கழுவ வேண்டும்.

மின்சாரம் போனால்? பயம் வேண்டாம். மூடியில் காற்றுத் துளைகள் உண்டு. வாயையும் மூடும் மூடியில் வெளிக் காற்று வர வால்வும் வைத்திருக்கிறார்கள். அது சரியாக இருக்கிறதா என்று கவனித்துக் கொள்ள வேண்டும். விழித்ததும் மூடியைக் கழற்றி விடலாம்.

எந்திரம் சரியாக அமைந்த இரவில் குறட்டை இல்லை. மெல்லிய காற்றுச் சத்தம் மட்டும்தான். பல வருடம் குறட்டைக்குப் பழகிய மனைவி, அந்த அமைதியில் திடுக்கிட்டு விழிக்கிறார். கணவரின் மார்பில் கை வைத்துப் பார்க்கிறார். மூச்சு சீராக ஏறி இறங்குகிறது.