ஓக்லாந்து முதல் விழுப்புரம் வரை

1966-இல் அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில் கறுப்பின இளைஞர்கள் கருஞ்சிறுத்தைக் கட்சியைத் தொடங்கினர். வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் நாட்டில், கறுப்பு நிறத்தைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் குரல் ஓங்கிய காலம் அது. அதன் தாக்கத்தில் 1972-இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் இயக்கம் பிறந்தது. 1982-இல் மலைச்சாமி அதை மதுரையில் தொடங்கித் தமிழகத்தில் கட்டினார். பின்னாளில் விடுதலைச் சிறுத்தைகள் ஆன அந்த இயக்கத்தின் தலைமை 1990-இல் திருமாவளவனிடம் வந்தது.

இப்படியோர் இயக்கம் ஏன் தேவைப்பட்டது என்பதை விழுப்புரம் காட்டும். அங்கே 1978 ஜூலையில் நடந்த சாதிக் கலவரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டனர். கண்டாச்சிபுரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் ஊரும் சேரியும் இன்றும் பிரிந்தே கிடப்பது வேதனை.

இயக்கத்தில் தன்மானம் பெயரிலேயே தொடங்கியது. தொண்டர்கள் தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். திருமாவளவன் தம் தந்தை இராமசாமியின் பெயரையே தொல்காப்பியன் என்று மாற்றினார்.

தேர்தலைப் புறக்கணித்துவந்த இயக்கம் 1999-இல் களமிறங்கியது. விழுப்புரம் மக்களவைத் தொகுதி தனித்தொகுதி. வேட்பாளர்தான் பட்டியல் சாதியினர், வாக்களிப்பவர்கள் எல்லாச் சாதியினரும். அங்கே இயக்கத்தின் வேட்பாளரான எழுத்தாளர் ரவிக்குமார் 2019-இல் தி.மு.க.வின் உதயசூரியன் சின்னத்தில் வென்றார். 2024-இல் சொந்தப் பானைச் சின்னத்திலேயே வென்றார். அந்த வேறுபாடு சிறியதல்ல: சிதம்பரம், விழுப்புரம் ஆகிய இரு தொகுதிகளின் வெற்றிகளால் விடுதலைச் சிறுத்தைகள் மாநிலக் கட்சியாக அங்கீகாரம் பெற்றது.